கொடிமேட்டில் ஒரு வட்டம், ஒரு புள்ளி

வெள்ளைக்காரர் காலத்து நில அளவைக்காரர்கள் பாறையில் உளியால் கொத்திய ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும். அதைப் பார்ப்பதற்காக நாங்கள் மூன்று பேர் கீழ்ப்பழனி மலையில் நான்கு தடவை ஏறி இறங்கினோம். முதல் மூன்று தடவையும் கோட்டை விட்டோம். எப்படிக் கோட்டை விட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி.

மேட்டின் சரியான இடத்தை எழுதப்போவதில்லை. தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மறைக்கிறேன் என்பது கடைசியில் வரும் குழியைப் பார்த்தால் தெரியும்.

மூன்று பேரில் நான் வத்தலக்குண்டில் கணக்கு ட்யூஷன் எடுப்பவன். இன்னொருவர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது ஆள் என் அக்கா மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பையைத் தூக்க வந்தவன், கடைசியில் வழக்கை முடித்துவைத்தவன் அவன்தான்.

எதைத் தேடினோம்

1802-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதிலிருந்து தொடங்கியதுதான் பெரிய முக்கோண அளவை. ஒரே ஒரு பக்கத்தை மிகத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும், மற்றதற்கெல்லாம் கோணம் மட்டும் அளந்தால் சைன் விதி மீதியைச் சொல்லிவிடும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "இது எதுக்கு சார் பயன்படும்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் காட்டுவது இதைத்தான். குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி இந்த முக்கோணங்கள் வரிசையாக ஏறிப்போயின. அந்த ரேகை நம் திண்டுக்கல்லை உரசிக்கொண்டுதான் போகிறது.

கோணம் அளக்க வேண்டுமென்றால் இங்கிருந்து அங்கே தெரிய வேண்டும். மலை இல்லாத காவிரிச் சமவெளியில் லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கயிறு கட்டி மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்துபோனது. அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டிச் சரிசெய்தாராம். நம் பக்கம் அந்தப் பாடு இல்லை, மலைதான் இருக்கிறதே. பழனி மலையில் அளவைக்காக 1821-இல் லெப்டினன்ட் வார்ட் வெள்ளகவி வழியாக ஏறினார். கொடைக்கானல் என்ற ஊரே அப்போது கிடையாது.

இப்படிக் கோணம் அளந்த இடத்தை நிலையம் என்பார்கள். மலை உச்சியில் அடிப்பாறையில் ஒரு வட்டமும் புள்ளியும் கொத்துவார்கள். அதன் மேல் கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புக் காரையில் தூண் எழுப்பி, தூணின் தலையிலும் இன்னொரு வட்டமும் புள்ளியும் வைப்பார்கள். மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும் தூக்குக்குண்டு போட்டதுபோல் ஒரே செங்குத்தில் இருக்கும். மேல் குறி போனாலும் கீழ்க் குறி மிஞ்ச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் வழக்கில் அந்த ஏற்பாடு வேலை செய்தது.

எது அது இல்லை

மலையில் கல்லுக்கா பஞ்சம்? முதல் பயணத்திலேயே புரிந்தது, தேடுவதைவிடக் கழிப்பதுதான் பெரிய வேலை என்று.

காப்புக்காட்டு எல்லைக் கல்குவியல் தான் ஆளை அதிகம் ஏமாற்றும். மொட்டைக் கூம்பு மாதிரி அடுக்கி, சில இடத்தில் சுண்ணாம்பு அடித்து எண் எழுதியிருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்த குவியல் தெரியும், அதிலிருந்து அதற்கடுத்தது. வரிசையாகப் போனால் அது வனத்துறைக் கல். அளவை நிலையம் தனியாள், உச்சியில்தான் இருக்கும்.

அப்புறம் கல்திட்டைகள். தாண்டிக்குடி பக்கம் இரும்புக்கால ஈமச் சின்னங்கள் நிறைய உண்டு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வே நடத்தியிருக்கிறது. பலகைக் கற்களைச் செங்குத்தாக நட்டு மேலே ஒரு மூடுகல். சரிந்து புல் மூடிப்போனால் அதுவும் தூரத்துக்கு இடிந்த மேடை மாதிரியேதான் இருக்கும். அண்ணன் சொன்ன அடையாளம் எளிமையானது: காரை இருக்கிறதா என்று பார். இரும்புக்காலத்து ஆட்கள் சுண்ணாம்பு வைத்துக் கட்டவில்லை.

பட்டா நிலத்துச் சர்வே கல் எல்லோருக்கும் தெரியும், அதில் குழப்பம் இல்லை. ரோட்டோரம் மதகுகளில் ஜி.டி.எஸ்., பி.எம். என்று ஆங்கில எழுத்து வெட்டிய பெஞ்ச் மார்க் கல்லையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அது உயரத்துக்கான குறி. நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் கடல் மட்டத்தை அளந்து, அங்கிருந்து மட்டம் பார்த்துக்கொண்டே உள்நாட்டுக்கு வந்த வேலை. 1858-இல் தொடங்கி 1909-இல் கணக்கை முடித்தார்கள். மட்டம் பார்ப்பவர் பாதையோரமாக நடப்பார், கோணம் பார்ப்பவர் உச்சிக்குப் போவார். ஆகவே ரோட்டில் கிடைப்பது நாங்கள் தேடியது அல்ல.

கையில் இருந்த தடயங்கள்

இரண்டுதான். ஒன்று, அண்ணனிடம் இருந்த பழைய ஓரங்குல வரைபடத்தின் நகல், தாள் எண் 58எஃப்/11. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். நீண்டு கிடக்கும் ஒரு மலைமுதுகின் மேல் சின்ன முக்கோணம் போட்டு, பக்கத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் அடி என்று உயரம். இன்னொன்று, முக்கோண அளவையின் பழைய அச்சுப் பட்டியலில் இருந்து ஒரு பத்தி: அட்சரேகை, தீர்க்கரேகை, நிலையத்திலிருந்து பக்கத்து ஊர்கள் எந்தத் திசையில் எத்தனை மைல் என்ற விவரம்.

இதை வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் வீட்டில் உட்கார்ந்தபடியே தப்பினோம். பட்டியலில் இருந்த தீர்க்கரேகையைப் போனில் போட்டால் புள்ளி மலைமுதுகிலிருந்து கிழக்கே நாலரை கிலோமீட்டர் தள்ளி, சரிவில் போய் விழுந்தது. காரணம் பழைய கதை. இந்திய அளவையின் தீர்க்கரேகைகள் எல்லாம் சென்னை வானாய்வுக் கூடத்தைத் தொட்டுத்தான் கணக்கிடப்பட்டன. கிரீன்விச்சுக்கும் சென்னைக்கும் நேர வித்தியாசத்தை வானத்தைப் பார்த்து மட்டுமே கணித்த காலம் அது. தந்திக் கம்பி வந்து இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒப்பிட முடிந்த பிறகுதான் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கூடுதலாக எடுத்திருக்கிறோம் என்று தெரிந்தது. நிமிடம் என்றால் கோண நிமிடம். நம் அட்சரேகையில் அதுவே நாலரை கிலோமீட்டர். இதைக் கழித்ததும் புள்ளி மலைமுதுகுக்கு வந்து சேர்ந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்து டீ குடித்தோம்.

முதல் பயணம்: சாமைக் குழி

எஸ்டேட்டில் சொல்லி, வனக் காவலரிடமும் சொல்லித்தான் ஏறினோம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது விளையாட்டு இல்லை, போகவும் கூடாது.

போன் காட்டிய இடம் சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம். சுற்றிலும் உண்ணிச்செடி. மலைமுதுகு மேலே இருக்கிறது, நாங்கள் அதன் தென்கிழக்குச் சரிவில் நிற்கிறோம். சரி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று சுற்றித் தேடினோம். ஒரு பாறையில் வழவழப்பான வட்டக் குழி கிடைத்தது. நான் குதித்தேன், அண்ணன் போட்டோ எடுத்தார். கீழே இறங்கும்போது குடியிருப்பில் ஒரு பெரியவரிடம் போட்டோவைக் காட்டினோம். எண்பதைத் தாண்டியவர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாமை குத்துன குழி சாமி. எங்க ஆத்தா குத்தும்."

உரல் குழிக்கும் அளவைக் குறிக்கும் வித்தியாசம் அதற்கப்புறம் மறக்கவில்லை. உரல் குழி தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகும், கிண்ணம் போல் ஆழமாகும். அளவைக் குறியில் உளி பட்ட கோடு இருக்கும், ஆழம் இருக்காது.

நாங்கள் தென்கிழக்கே விலகியதற்கு வேறொரு காரணம் இருந்தது, அதை வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்து வரைந்தவை. லாம்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமிக்குக் கொடுத்த வடிவமும் அளவும் அது. போனில் இருப்பது டபிள்யூ.ஜி.எஸ். 84, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் நீள்கோளம். இரண்டுக்கும் பூமியின் வடிவமும் வேறு, மையமும் வேறு. நம் பகுதியில் பழைய எண்ணை அப்படியே போனில் போட்டால் உண்மையான இடத்துக்குத் தெற்கே 170 மீட்டர், கிழக்கே 120 மீட்டர் அளவில் தள்ளிப்போய் நிற்போம். மொத்தம் இருநூறு மீட்டர். மொட்டைப் பாறை உச்சி ஒன்றே ஒன்று இருந்தால் இருநூறு மீட்டர் பெரிய விஷயம் இல்லை, கண்ணே காட்டிக்கொடுக்கும். இங்கே மலைமுதுகில் மூன்று திமில். இருநூறு மீட்டரில் திமிலே மாறிவிடும்.

இரண்டாவது பயணம்: உயரம் சொன்ன பொய்

இப்போது மாற்றம் செய்த எண்ணோடு போனோம். நடுத் திமிலுக்கும் வடக்குத் திமிலுக்கும் இடையில் புள்ளி நின்றது. எது என்று முடிவுசெய்ய உயரத்தைப் பார்க்கலாம் என்றேன். போனில் இருந்த செயலி, வரைபடத்தில் போட்டிருந்ததைவிட முந்நூறு அடி குறைவாகக் காட்டியது. அப்படியானால் இன்னும் உயரமான திமிலுக்குப் போக வேண்டும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, மூன்றிலும் உயரமான தெற்குத் திமிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அழகான கல்குவியல். சுண்ணாம்பு அடித்து எண் போட்டது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த குவியல் தெரிந்தது.

இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. செயற்கைக்கோள் தருவது நீள்கோளத்திலிருந்து உயரம். வரைபடம் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம். தென்னிந்தியாவில் கடல் மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்குக் கீழே சுமார் 90 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரும்பள்ளம் ஒன்று இருக்கிறது, அதன் விளிம்பில்தான் நாம் வாழ்கிறோம். ஆக, திருத்தாத செயலியில் நம் மலை எல்லாமே 90 மீட்டர் குட்டை. சில செயலிகள் திருத்திக் காட்டும், சில காட்டாது. என்னுடையது காட்டாத ரகம் என்று பார்க்காமல் போனது கணக்கு வாத்தியாருக்கு அழகில்லை.

மூன்றாவது பயணம்

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பட்டியலில் சொன்ன ஊர்த் திசைகளைக் காம்பஸில் பிடித்து நிலையத்தைக் கண்டுபிடிப்பதாகத் திட்டம். ஓர் ஊர் 280 டிகிரி, மூன்று மைல். இன்னொன்று 215 டிகிரி. 280 என்றால் மேற்கு. மேற்கே பார்த்தால் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் காடு. ஊரும் இல்லை ஒன்றும் இல்லை. 215-லும் இல்லை. அந்தப் பெயரில் உள்ள ஊர் கிழக்கே சரிவில் இருக்கிறது. மூடுபனி இறங்கியது, அட்டை கடித்தது, காட்டுமாடு ஒன்று பாதையில் நின்று நகர மறுத்தது. திரும்பிவிட்டோம். பட்டியலே தப்பு என்று அண்ணன் கோபமாகச் சொன்னார்.

பட்டியல் தப்பில்லை. பண்ணைக்காடு டீக்கடையில் அக்கா மகன் ஒரு காகிதத்தில் இரண்டு ஊரையும் குறித்துப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டுமே சரியா நேர் எதிர்ல இருக்கு. ஒண்ணு தப்பா இருந்தா தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருந்தா நம்மதானே தப்பு?" என்றான்.

அதுதான் சங்கதி. அந்தக் கால முக்கோண அளவையில் திசைக்கோணத்தைத் தெற்கிலிருந்து எண்ணினார்கள். தெற்கு சுழியம், மேற்கு 90, வடக்கு 180, கிழக்கு 270. நாம் பள்ளியிலிருந்தே வடக்கைச் சுழியமாக வைத்துப் பழகியவர்கள். 280 என்பது கிழக்குக்குச் சற்றே தெற்கு. 215 என்பது வடகிழக்கு. இரண்டிலும் 180-ஐக் கழித்ததும் ஊர்கள் அதது இடத்தில் உட்கார்ந்தன. அண்ணன் முப்பது வருடம் சங்கிலி பிடித்தவர், அவருக்கே இது புதிது. வருவாய்த் துறை அளவையில் இந்தப் பழக்கம் கிடையாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் புத்தகத்துக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுக்கணும்ப்பா" என்றார்.

நாலாவது பயணம்: கேள்வியை மாற்றியது

ஏறுவதற்கு முன் அதே பெரியவரைப் பார்த்தோம். முன்பு மூன்று தடவையும் அவரிடம், "மேலே சர்வே கல் ஏதாவது இருக்கா தாத்தா?" என்று கேட்டிருந்தோம். இல்லை என்றே சொன்னார். அவர் மட்டுமல்ல, அந்தக் குடியிருப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. மலையில் நிலப் பிரச்சினை இல்லாத குடியிருப்பு குறைவு. வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து, அதில் ஒருவர் பழைய சர்வேயர் என்று தெரிந்து, கல் எங்கே என்று கேட்டால் எந்த ஊரிலும் பதில் வராது. வரவும் கூடாது.

அன்றைக்குப் பையன் பேச்சோடு பேச்சாக வேறு ஒன்று கேட்டான். "தாத்தா, அந்த நடு மேட்டுக்குப் பேரு என்ன?"

"கொடிமேடு."

"ஏன் அப்படிப் பேரு?"

"வெள்ளக்காரன் கொடி நட்டானாம்ல. எங்க பாட்டன் சொல்லும். அப்புறம் அவன் பொதைச்சு வச்சுட்டுப் போனதை எடுக்கேன்னு நாலு பேரு வந்து தோண்டிப்புட்டு, ஒண்ணுமில்லாம போனானுங்க."

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூரத்து நிலையத்தைத் தியோடலைட்டில் பிடிக்க முதலில் கொடியைத்தான் நட்டார்கள். பகலில் சூரிய ஒளியைக் கண்ணாடியில் திருப்பிக் காட்டுவதும் இரவில் விளக்கு எரிப்பதும் எவரெஸ்ட் காலத்தில் வந்தவை. உச்சியில் யாரும் வாழாத இடத்தில் வெள்ளைக்காரன் சுண்ணாம்பு வைத்து ஒரு தூணைக் கட்டிவிட்டுப் போனால் அடியில் ஏதோ இருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். நாடு முழுக்க இந்த நிலையங்களைப் புதையலுக்காகத் தோண்டியிருக்கிறார்கள்.

நடுத் திமிலில் ஆளுயரப் புல்லுக்குள் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. சருகு நிறைந்து கிடந்தது. ஓரத்தில் உடைந்த செங்கல், விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும் சுண்ணாம்புக் காரை. தூண் இல்லை. மேல் குறி இருந்த கல்லும் இல்லை. நாங்கள் மண்ணில் கை வைக்கவில்லை. சருகை மட்டும் அள்ளினோம். அடியில் பாறை. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பையன் பாட்டில் தண்ணீரை ஊற்றி, நான் சட்டையைப் பிடித்து வெயிலை மறைக்க, அண்ணன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தார். மேலிருந்து அடித்தால் தெரியாத பள்ளம் பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழுந்து எழும்பும். வட்டம் முதலில் தெரிந்தது. புள்ளி அப்புறம்.

"இருக்குப்பா" என்றார் அண்ணன். வேறு எதுவும் சொல்லவில்லை. குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இது அதுதானா?

சந்தேகப்பட வேண்டியது நம் கடமை. பையனைக் கிழக்குச் சரிவில் உள்ள ஊருக்கு பைக்கில் அனுப்பினோம். அங்கே பழைய கோயில் வாசலில் நின்று, சாயங்கால வெயிலை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் திருப்பி மேட்டைப் பார்த்து அடிக்கச் சொன்னோம். போனில் "இன்னும் மேல, இன்னும் இடது" என்று கால் மணி நேரம் கத்தியிருப்பேன். நாலே காலுக்கு மரங்களுக்கு இடையில் ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம். மூன்று மைலுக்கு அப்பால் இருந்து ஒரு ஐம்பது ரூபாய்க் கண்ணாடி. அண்ணன் தன் பழைய காம்பஸில் பிடித்தார்: 102. காந்த விலக்கம், அதாவது காம்பஸ் முள் உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் அளவு, ஒன்றரை, இரண்டு டிகிரி மேற்கு. அதைக் கழித்தால் நூறை ஒட்டி வருகிறது. பட்டியலின் 280-இல் 180 போனால் நூறு.

இதை வைத்து ரொம்பத் துள்ள வேண்டியதில்லை. மூன்று மைல் தூரத்தில் ஒரு டிகிரி என்பது எண்பது மீட்டருக்கு மேல். ஊர் என்று எந்த இடத்தை அவர்கள் எடுத்தார்கள் என்பதற்குப் பட்டியலில் பதில் இல்லை. பக்கத்துத் திமிலில் நின்று பார்த்தாலும் காம்பஸ் இரண்டு டிகிரிதான் மாறியிருக்கும். திசை ஒத்துவருவது ஒரு துணைச் சாட்சி மட்டும். கனமான சாட்சி பாறையில் இருக்கும் வட்டமும் புள்ளியும், சுற்றிக் கிடக்கும் காரையும்தான். ஊர்ப்பெயரை அண்ணன் சாட்சியாக ஏற்கவில்லை. நான் முதல் சாட்சியாக வைக்கிறேன். அதில் எங்களுக்குள் இன்னும் தகராறு.

படம் எடுத்து, அளவு எழுதிக்கொண்டு, சருகைத் திரும்பப் போட்டு மூடினோம். உரிய அலுவலகத்துக்கு இடவிவரத்தோடு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். மேல் குறிக் கல் எங்கே போனது என்று பெரியவருக்கும் தெரியவில்லை. குடியிருப்பில் துணி துவைக்கும் கற்களையெல்லாம் பையன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டான்.

வடகிழக்கு ஊரின் திசையை இன்னும் சரிபார்க்கவில்லை. அந்தப் பக்கம் சில்வர் ஓக் அடைத்துக்கொண்டு நிற்கிறது. எஸ்டேட்டில் அடுத்து நிழல் கழிக்கும்போது சொல்லி அனுப்புவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். கண்ணாடி பையன் பையில்தான் இருக்கிறது.